பிடி அரிசி

(பத்தாம் வகுப்பு மாணவி)

சோறாக்க அரிசி களையும் முன், அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். அதற்குப் பிடி அரிசி என்று பெயர். கோவில் காரியமோ ஏழை வீட்டுக் காரியமோ வரும்போது அந்தக் கலயத்தைக் கவிழ்ப்பார்கள். இந்துக் குடும்பங்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் உண்டு. நம் நாட்டின் வடகிழக்கு மூலையில், மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்களும் 1910ஆம் ஆண்டு முதல் இதையே செய்து வருகிறார்கள். அவர்கள் மொழியில் ‘புஃபை தாம்’ என்கிறார்கள். அதற்கும் ஒரு பிடி அரிசி என்றுதான் பொருள்! எங்கோ இருக்கும் மலைநாட்டுக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் ஒரே எண்ணம் தோன்றியது வியப்பாக இல்லையா?

அரிசியை எப்போது எடுக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். உண்டு மிஞ்சியதை அல்ல, உலையில் போடும் முன்பே எடுக்கிறார்கள். புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், எருசலேமில் வாடிய இறைமக்களுக்காக வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வருவாய்க்கு ஏற்ப எடுத்து வைக்கச் சொல்கிறார். இரண்டாம் திருமுகத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வருத்தத்தோடு கொடுப்பதைவிட முகமலர்ச்சியோடு கொடுப்பதே கடவுளுக்கு உகந்தது என்ற கருத்து அங்கே வருகிறது.

நமக்குப் பக்கத்துப் பீளமேட்டிலேயே ஒரு சான்று உண்டு. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வர். அவர்கள் 1926ஆம் ஆண்டில் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். அறமும் தங்களோடு பிறந்த பிறப்பு என்று எண்ணினார்கள் போலும். பி.எஸ்.ஜி. கல்விக்கூடங்களும் மருத்துவமனையும் அந்த அறநிலையம் வளர்த்தவையே. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் போகிற நம்மில் எத்தனை பேர் இதை நினைக்கிறோம்?

இவ்வளவும் மறைக்கல்வி வகுப்பில் படித்து, தேர்வும் எழுதினோம். ஆனால் இவ்வாண்டுத் தவக்காலத்தில்தான் நாங்கள் உண்மையில் பாடம் படித்தோம். முதியோர் இல்லம் ஒன்றுக்காக எங்கள் வகுப்பில் பிடி அரிசி சேர்க்கத் தொடங்கினோம். முதல் வாரமே டின் நிறைந்துவிட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை! சிஸ்டர் வந்து அதைச் செய்தித்தாளில் கொட்டினார்கள். பாதி அரிசியில் வண்டு ஊர்ந்தது. எங்கள் வீட்டில் சமைக்காமல் மூலையில் கிடந்ததை எல்லாம் கொண்டு வந்திருந்தோம். சிஸ்டர் ஒரு வார்த்தையும் சொல்லாமல், இரண்டு முறங்களை வரவழைத்துத் தாமும் எங்களோடு உட்கார்ந்து புடைத்தார்கள். திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று செய்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா வேலை பார்த்த மில் மூடப்பட்டு நெடுநாள் ஆகிறது. அவள் தினமும் கைக்குட்டை முனையில் ஒரு பிடி அரிசி முடிந்து கொண்டு வருவாள். அவள் அரிசியில் மட்டும் கல் இருக்காது, வண்டு இருக்காது. நாங்கள் இரக்கப்பட்டு, “நீ கொண்டு வர வேண்டாம்ப்பா, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்றோம். அவள் முகம் வாடிப்போயிற்று. “நான் கொடுக்கக் கூடாதா? எங்கம்மா உலை வைக்கும்போது என்னைக் கூப்பிட்டு, என் கையாலேதான் எடுக்கச் சொல்றாங்க” என்றாள். அன்று மதியம் அவள் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை.

இதைக் கேட்ட சிஸ்டர், மறுநாள் வகுப்பில் கொரிந்தியருக்கான இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார்கள். மாசிதோனியா சபையார் வறுமையில் இருந்தவர்கள். ஆயினும் தங்களுக்கும் உதவியில் பங்கு தர வேண்டும் என்று பவுலடியாரிடம் மன்றாடினார்களாம். கொடுப்பதற்கு மன்றாட்டு!

புனித அன்னை தெரசா 1979இல் நோபல் பரிசு பெற்றபோது ஆஸ்லோ நகரில் ஆற்றிய உரையில் கூறிய நிகழ்ச்சியையும் சிஸ்டர் சொன்னார்கள். எட்டுக் குழந்தைகளோடு பட்டினி கிடந்த ஓர் இந்துக் குடும்பத்துக்கு அன்னை அரிசி கொண்டு போனார். அந்தத் தாய் அதைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பினாள். பக்கத்து இஸ்லாமியக் குடும்பமும் பசியோடு இருந்தது அவளுக்குத் தெரியும். அன்று மாலை அன்னை மேலும் அரிசி கொண்டு போகவில்லை. பகிர்ந்த மகிழ்ச்சி அவர்களுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நாங்களோ எங்கள் தோழியின் மகிழ்ச்சியைப் பிடுங்கப் பார்த்தோம்.

இடைவேளையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். “சரி சரி, நாளைக்கு வண்டு இல்லாம கொண்டு வாங்க” என்று சிரித்துவிட்டாள். மறுநாள் முதல் நாங்களும் காலையில் அடுப்படிக்குப் போய், வீட்டில் அன்றைக்குச் சமைக்கிற அரிசியிலேயே கை வைத்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்காகவே சீக்கிரம் எழுந்தவர்களும் உண்டு!

குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள் மூட்டையை எடுத்துச் சென்றோம். ஒரு முனையை எங்கள் தோழிதான் பிடித்தாள். இல்லத்தில் ஒரு பாட்டி கை நிறைய அரிசி அள்ளிப் பார்த்து, “இதென்ன அம்மிணி, புழுங்கலா, பச்சரிசியா?” என்று கேட்டார். எல்லா வீட்டு அரிசியும் கலந்து கிடந்ததால் எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பாட்டியே சிரித்து, “கஞ்சிக்கு எல்லாம் ஒண்ணுதான் கண்ணு, உள்ள வாங்க” என்று எங்களை அழைத்துப் போனார்.