ட்ரெய்லர் கட்டப் போகும் தம்பிக்கு

புல்லட்டுக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு சின்ன ட்ரெய்லரை நீயே கட்டப் போவதாகச் சொன்னாய். ஹைதராபாத் அமீர்பேட் மைத்ரிவனத்தைச் சுற்றி எதையும் சில மாதத்தில் சொல்லித்தருவதாகப் பலகைகள் தொங்குகின்றன. இதற்கு அப்படிப் பலகை எதுவும் கிடையாது. அதனால் எனக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள், கண்ணா.

1. இரும்பு வாங்குமுன் கைரதாபாத் ஆர்டிஏ ஆபீஸுக்கு ஒரு நடை போய் வா. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், பதிவு வேண்டும். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "எல்லாரும் ஓட்டுறாங்களே" என்ற பேச்சு விபத்தன்று எடுபடாது. முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டால், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு கிளம்பு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

2. சாமானைத் தரையில் பரப்பி, பாதியைத் திரும்ப உள்ளே வை. மீதிக்கு மட்டும் பெட்டி கட்டு. பெட்டியின் அளவுக்கு ஆசை வளரும். உன் புல்லட், அந்தக் கிளாசிக் 350, மட்டுமே 195 கிலோ. ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்து 60 கிலோவைத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

3. பாரம் எவ்வளவு என்பதோடு, எங்கே உட்காருகிறது என்பதையும் பார். ஆக்சிலுக்குச் சற்று முன்னால் எடை நிற்க வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் மெஷினைச் செங்கல் அடுக்கி உயர்த்தி, ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்படி அதன் கொக்கியை மெஷின் மேல் வை. மொத்தம் 60 கிலோ என்றால் அங்கே 6 முதல் 9 கிலோ காட்ட வேண்டும். ஷாத்நகர் தாண்டி டீ குடிக்க நின்ற ஒரு பையன், எடுக்க வசதி என்று தண்ணீர் கேனைப் பின்பக்கம் நகர்த்தி வைத்தான். வேகம் எழுபதைத் தொட்டதும் வால் ஆட ஆரம்பித்தது. நல்லவேளை, பதறி பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டான், ஆட்டம் அடங்கியது. பதறாத குணம் பழகித்தான் வரும். அதனால் முதலில் மெதுவாக ஓட்டிப் பழகு.

4. பைக் சாயும், ட்ரெய்லர் சாயக் கூடாது. ஆகவே இணைப்பு இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்புவதோடு, தன் அச்சிலேயே சுழலவும் வேண்டும். அதைச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கு, கேரியரில் கட்டாதே. அடியில் இரண்டு சங்கிலி குறுக்காகப் போகட்டும். வெல்டிங்கை மட்டும் சனத்நகர், பாலாநகர் பக்கம் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடு. பக்கத்தில் உட்கார்ந்து பார். அவருக்குப் பாடம் நடத்தாதே.

5. கட்டுவதில் அவசரப்படாதே. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி, வறட்சியில் மாடு கட்டித் தீனி போட முடியாத நிலையில், புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே உழவுக் கருவியைப் பூட்டினார். பிற்பாடு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு அது வயிற்றுப்பாடு, உனக்கு ஆசை. ஆசைக்காகக் கட்டுகிறவனுக்கு அவசரம் என்ன வேண்டியிருக்கிறது?

6. பழைய ஸ்கூட்டரின் பத்து இஞ்ச் சக்கரம் போடு. எந்த ஊரிலும் டயரும் டியூபும் கிடைக்கும்.

7. முதல் ஓட்டம் விடியற்காலையில், மெட்ரோ தூண்களுக்கடியில் கூட்டம் சேருமுன், வெறும் ட்ரெய்லரோடு. வேகத்தடையில் நீ இறங்கிவிட்டால் போதாது. ட்ரெய்லரும் இறங்கும்வரை முறுக்காதே. நிற்குமிடமெல்லாம் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கைக் கவனி. ஸ்ரீசைலம் போவதானால் நல்லமலைக் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மன்னனூர் செக்போஸ்ட்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் விரட்டாதே. இந்தப் பக்கமே அறை எடுத்துத் தங்கிவிட்டு, எனக்கு ஒரு போன் போடு.