செல்போன் வழியே சந்தை: ஒருமுறை வாங்கியவரை மறுபடியும் வாங்க வைப்போம்



நம் குழுக்களில் ஊறுகாய், இட்லிப் பொடி, சத்துமாவு, பாக்குமட்டைத் தட்டு, பனையோலைக் கூடை என்று பல தொழில்கள் நடக்கின்றன. பொருள் தரமாகவே இருக்கிறது. ஆனாலும் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போதெல்லாம் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: "செய்யறது பெரிசு இல்லைங்க, விக்கிறதுதான் பெரும்பாடா இருக்கு." வாட்ஸ்அப்பில் விற்கலாமே என்று சொன்னால், "அதெல்லாம் புள்ளைங்க பாக்குறது, நமக்கு எதுக்குங்க?" என்று பதில் வருகிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

கண்காட்சி முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது சேமிப்பும் உள்கடனும்தான் முதல் வேலை. தொழில் பிறகு வந்தது. தொழில் வந்ததும் சந்தை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கண்காட்சிகளும் விற்பனை அங்காடிகளும் வந்தன.

கண்காட்சியில் மூன்று நாள் கடை போடுகிறோம். 100 பேர் வாங்கிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கலாம்" என்று நினைக்கிறார்கள். எங்கே வாங்குவது? அவர்களிடம் நம் நம்பர் இல்லை, நம்மிடமும் அவர்கள் நம்பர் இல்லை. அடுத்த வருடம் கண்காட்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த 100 பேரையும் நாமே தேடிப்பிடித்து, நாமே தொலைத்துவிடுகிறோம்.

செல்போனில் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். முகம் தெரியாத ஆயிரம் பேரைத் தேடுவதற்கு முன்னால், நம் பொருளை ஏற்கெனவே வாங்கி ருசி பார்த்தவரைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லித்தான் அவர் தங்கையும் பக்கத்து வீட்டாரும் வாங்குவார்கள்.

முதல் படி: வாடிக்கையாளர் நோட்டு

ஒரு நோட்டு போடுங்கள். பெயர், போன் நம்பர், ஊர், வாங்கிய பொருள், தேதி என்று ஐந்து கட்டம் போதும். "புதுசா செஞ்சா வாட்ஸ்அப்புல சொல்லட்டுங்களா?" என்று கேட்டு, சரி என்றவரின் நம்பரை மட்டும் எழுதுங்கள். அப்போதே அவர் போனில் நம் நம்பரையும் பதியச் சொல்லுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகும்படி அனுப்ப, வாட்ஸ்அப்பில் 'பிராட்காஸ்ட்' என்ற வசதி உண்டு. நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும்.

வாடிக்கையாளர்களை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்குவது சுலபம். ஆனால் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் நம்பர் தெரியவரும். நம்மை நம்பி நம்பர் கொடுத்த பெண்ணுக்கு அதனால் தொந்தரவு வரக்கூடாது. ஆகவே பிராட்காஸ்டே நல்லது. தினமும் அனுப்ப வேண்டாம். வாரம் ஒரு செய்தி, பண்டிகைக்கு முன் ஒரு செய்தி போதும். 'ஸ்டேட்டஸ்' போட்டால் 24 மணி நேரம் இருக்கும். அன்றைக்குச் செய்த பொருளைக் காட்ட அது ஏற்றது.

இரண்டாம் படி: தொழிலுக்கு என்று தனி நம்பர்

'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற செயலி 2018-இல் நம் நாட்டில் வந்தது. அதைப் போனில் ஏற்றக் கட்டணம் இல்லை. குழுவின் பெயர், ஊர், வேலை நேரம் எல்லாம் அதில் போடலாம். பொருள்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம்.

தனி சிம் வாங்கும்போது, அது யார் பெயரில், யார் கையில் இருக்கும் என்பதைக் கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஊக்குநரின் சொந்த நம்பரிலேயே எல்லா வியாபாரமும் நடந்து, நாளைக்கு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடுவார்கள். போன் ஒருவர் கையில் இருந்தாலும் நம்பர் குழுவின் சொத்து. பதில் சொல்லத் தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்கட்டும்.

மூன்றாம் படி: உள்ளதை உள்ளபடி காட்டுவது

காலை வெளிச்சத்தில், வாசலில், வெள்ளைத் துணி விரித்துப் படம் எடுங்கள். எடை, விலை, தயாரித்த தேதி மூன்றும் செய்தியில் இருக்க வேண்டும். வேறு எங்கிருந்தோ எடுத்த அழகான படத்தைப் போடாதீர்கள். படத்தில் ஒன்றும் பாக்கெட்டில் ஒன்றும் இருந்தால் அவர் திரும்ப வரமாட்டார். எழுதச் சிரமப்படும் சகோதரிகள் குரலில் பேசி அனுப்பலாம். "அக்கா, இன்னைக்குத்தான் வறுத்து அரைச்சோம், நல்லெண்ணெய் ஊத்திச் சாப்பிட்டுப் பாருங்க" என்று நம் பேச்சில் சொன்னாலே போதும்.

உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்கும் சிறு தயாரிப்பாளருக்கும் இது பொருந்தும். பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். முகம் பார்க்காமல் வாங்குபவருக்கு நம்பிக்கை தருவதும் அந்த எண்தான்.

நான்காம் படி: விலைக் கணக்கு

பழகுவதற்காக ஒரு கணக்கு போடுவோம். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

10 கிலோ இட்லிப் பொடி தயாரித்து, 250 கிராம் வீதம் 40 பாக்கெட் போடுகிறோம்.
மூலப்பொருள்: 1,800 ரூபாய்
அரவைக் கூலி, கேஸ்: 240 ரூபாய்
கவர், லேபிள்: 200 ரூபாய்
மூன்று பேருக்குக் கூலி, தலா 200: 600 ரூபாய்
மொத்தம்: 2,840 ரூபாய்

ஒரு பாக்கெட்டுக்கு அடக்கம் 71 ரூபாய். 90 ரூபாய்க்கு விற்றால் லாபம் 19 ரூபாய். நம் கூலியையும் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். "வீட்டு வேலைதானே" என்று அதை விட்டுவிட்டால் லாபம் போலத் தெரியும், கையில் நிற்காது.

இப்போது வெளியூரிலிருந்து ஒருவர் ஒரே ஒரு பாக்கெட் கேட்கிறார். பார்சல் செலவு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "டெலிவரி இலவசம்" என்று போட்டிருந்தால் 19 ரூபாய் லாபமும் போய், 41 ரூபாய் கைநட்டம். ஆகவே பார்சல் செலவைத் தனியாகச் சொல்லுங்கள், அல்லது குறைந்தது நான்கு பாக்கெட் என்று வையுங்கள். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும் என்று அவரிடமே சொல்லலாம். அதனால் நமக்கு இன்னும் இரண்டு வாடிக்கையாளர் கிடைக்கலாம்.

ஒரு தடவைக்கு 40 பாக்கெட்தான் முடியும் என்றால், 100 பாக்கெட் ஆர்டர் வரும்போது "நாளைக்கே தர்றோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தேதியைச் சொல்லிக் கேளுங்கள். ஆர்டர் வரும் முன்பே அதிக சரக்குக்காகக் கடன் வாங்கவும் வேண்டாம். சரக்கு தேங்கினாலும் தவணை தேங்காது.

ஐந்தாம் படி: பணம் பத்திரம்

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள்.

நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதில்லை. கூகுள் பே, போன் பே எதுவாக இருந்தாலும் பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும் என்றுதான் அர்த்தம். ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்: "நான் ராணுவத்துல இருக்கேன், கேம்ப்புக்கு 200 பாக்கெட் வேணும், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்." பெரிய ஆர்டர் என்ற சந்தோஷத்தில் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால், மாதக்கணக்கில் சேர்த்த பணம் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். "பணம் அனுப்பிட்டேன்" என்று யாராவது படம் அனுப்பினால் அதை நம்பிச் சரக்கு அனுப்பாதீர்கள். கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி இருக்கும்.

குழுவின் கணக்கிலேயே பணம் வாங்க கியூஆர் கோடு கிடைக்குமா என்று வங்கிக் கிளையில் கேளுங்கள். உறுப்பினர் ஒருவரின் கணக்கில் வாங்குவதாக இருந்தால், வந்த தொகையை அன்றன்றே ரொக்கப் புத்தகத்தில் எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் வியாபாரத்தோடு குழுவும் உடைந்துவிடும்.

வேண்டாத பேச்சு வந்தால்

"நம்பர் குடுத்தா கண்டவங்களும் மெசேஜ் அனுப்புவாங்களே" என்ற பயம் நியாயமானதே. இதனாலேயே வீட்டில் போனைக் கொடுக்க மறுக்கிறார்கள். தொழில் நம்பரில் சொந்தப் படமோ குழந்தைகள் படமோ வைக்காதீர்கள், பொருளின் படம் போதும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கூடை, சேலை போன்றவற்றைக் காட்டும்போதும் வீட்டு முகவரி போடாதீர்கள். யாராவது தப்பாகப் பேசினால் பதில் சொல்லாமல், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பரை 'பிளாக்' செய்யுங்கள். அன்றைக்கே குழுவில் சொல்லுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் குழுவாகவே போய்ப் புகார் கொடுக்கலாம். தப்பு செய்தவன் அவன். அதற்காக நம் சகோதரி தொழிலை விடக்கூடாது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. கடைசியாக நம்மிடம் வாங்கிய 20 பேர் யார்? எத்தனை பேரின் நம்பர் நம்மிடம் இருக்கிறது?
2. நம் பொருளின் அடக்க விலை என்ன? அதில் நம் கூலி சேர்ந்திருக்கிறதா?
3. தொழில் நம்பரை யார் பொறுப்பில் வைக்கலாம்? அவர் இல்லாதபோது யார் பதில் சொல்வார்?
4. பொருள் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் மாற்றிக் கொடுப்போமா? அந்தச் செலவு யாருடையது?
5. வாரத்தில் எத்தனை பாக்கெட் வரை நம்மால் வாக்குத் தவறாமல் செய்ய முடியும்?

அடுத்த கூட்டத்துக்குள் வாடிக்கையாளர் நோட்டில் 10 பெயராவது எழுதிவிடுங்கள். அந்த 10 பேருக்கும் போன் செய்து, "போன தடவை வாங்கினது எப்படி இருந்துச்சுங்க?" என்று கேளுங்கள். குறை சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். கூட்டத்தில் முதல் வேலையாக அந்த நோட்டை வாசிப்போம்.