விங் சுன்: ஒட்டிய கைகள்

கேள்வி: விங் சுன் கலைஞர்கள் இருவர் கைகளை ஒட்டியபடியே சுழற்றிக்கொண்டிருப்பது ஏன்?

பதில்: தென்சீனத்தின் ஃபோஷான் நகரில் 1893-இல் பிறந்து, பிற்காலத்தில் ஹாங்காங்கில் கற்பித்த இப் மான் வழியாகவும், அவருடைய மாணவர் புரூஸ் லீ வழியாகவும் உலகறிந்த விங் சுன் தற்காப்புக்கலை, கை எட்டும் தொலைவுக்குள் நிகழும் சண்டைக்கென அமைந்தது. அவ்வளவு நெருக்கத்தில் கண்ணால் கண்டு தடுப்பதற்குள் அடி விழுந்துவிடும் என்பதால், முன்கைகள் தொட்டபடி சுழலும் ‘சி சாவ்’ பயிற்சியில், எதிராளியின் விசை எப்பக்கம் திரும்புகிறது என்பதைத் தொடுவுணர்வாலேயே அறியப் பழக்குகின்றனர். அவர் கை விலகிய கணமே, உடலின் நடுவே மேலிருந்து கீழாக இருப்பதாகக் கொள்ளப்படும் மையக்கோட்டை நோக்கிக் குத்து நேராகப் பாய வேண்டும். ஒரு கை தடுக்கும்போதே மறுகை தாக்குவதும் இக்கலையின் அடிப்படை. தனியே பயிலும்போது, பயிற்சிக்கான மரப்பொம்மையில் கைகளின் கோணங்களைச் சீர்செய்யலாம். ஆனால், அது திருப்பித் தள்ளாது என்பதால், விசையை உணர்ந்து பழக இன்னொருவரின் கை தேவை. சி சாவைப் போட்டியாகக் கருதித் தோள்களை இறுக்குவோர், அதன் பயனை இழக்கின்றனர்.