மாலையில் தொடங்கும் வகுப்பு

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இயங்கலைக்கு மாறின. ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா கற்றல் தளத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால், ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களை உட்படுத்தி அமைச்சு அவ்வாண்டு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் மின்னியல் கருவி எதுவுமே இல்லை எனத் தெரியவந்தது.

கெடா, பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இருப்பது ஒரே திறன்பேசி. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காலை நேரலை வகுப்பு எட்டாது. ஆசிரியர் ஐந்து நிமிடப் பாடத்தைக் குரல்பதிவாகப் புலனத்தில் அனுப்பினால், அப்பா திரும்பிய பிறகு பிள்ளை கேட்கலாம். புரியாத இடத்தை மறுபடியும் கேட்கலாம். தான் வாசித்ததைப் பதிவுசெய்து அனுப்பவும் செய்யலாம். லகர, ளகர, ழகரங்களை அப்பிள்ளை எப்படி ஒலிக்கிறது என்பதை ஆசிரியர் நிதானமாகக் கேட்டுத் திருத்த இது நல்ல வாய்ப்பு.

வண்ணமயமான இணையப் புதிர்களை உருவாக்குவதும் திறன்தான். எந்த வீட்டில் எத்தனை மணிக்குத் திறன்பேசி பிள்ளையின் கைக்கு வரும் எனப் பெற்றோரிடம் கேட்டறிவது அதற்கும் முந்திய திறன். கருவியே இல்லாத வீட்டுக்கோ, அச்சிட்ட பயிற்சித்தாளைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.