சொட்டும் குழாய் கற்பித்த பாடம்

போட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவன பேச்சும், பாட்டும், ஓட்டமும் அல்லவா? விடை தெரியாத ஒரு கேள்வியை நாமே தேடிப்பிடித்து, நாமே விடை காணும் போட்டியும் ஒன்று உண்டு. அதுவே குழந்தைகள் அறிவியல் மாநாடு. மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் 1993ஆம் ஆண்டு இது நாடு தழுவிய அளவில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதனை ஒருங்கிணைத்து வந்தது. 10 முதல் 17 வயதுக்குட்பட்டோர் குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் துணையுடன், தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசம் எனப் படிப்படியாக ஆய்வை எடுத்துரைக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் இருவர் இதில் கலந்துகொண்டோம். எங்கள் கேள்வி இதுதான்: பள்ளியின் ஏழு ஒழுகும் குழாய்களால் ஒரு நாளில் எவ்வளவு நீர் வீணாகிறது?

காலையில் ஒரு குழாயின் கீழ் அளவு ஜாடியை வைத்தோம். 15 நிமிடத்தில் 45 மில்லிலிட்டர் சேர்ந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 4.32 லிட்டர். ஏழால் பெருக்கினோம், 30 லிட்டருக்கும் மேல்! வெற்றி நமதே என்று சிஸ்டரிடம் ஓடினோம்.

சிஸ்டர் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. "ஏழு குழாயும் ஒரே அளவாகவா சொட்டுகின்றன? மாலையிலும் இதே வேகம்தானா, பிள்ளைகளே?" என்று மட்டும் கேட்டார்கள்.

மீண்டும் அளந்தோம். அதே குழாயில் நண்பகலில் 38, மாலையில் 34 மில்லிலிட்டர்தான் கிடைத்தது! ஏன்? காலையில் மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும். நீர்மட்டம் உயர்ந்தால் அழுத்தம் மிகும். மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும். பாடநூலில் மனப்பாடம் செய்த விதியைக் கண்முன்னே கண்டோம். பிறகு விடுதித் தோழியர் உதவியுடன் ஒவ்வொரு குழாயின் கீழும் 24 மணி நேரம் வாளி வைத்தோம். முதற்குழாயில் சேர்ந்தது 3.6 லிட்டர். ஏழிலும் சேர்ந்தது 22 லிட்டர். ஆண்டுக்கு 8,030 லிட்டர்! சிறு துளி பெருவெள்ளம் என்பது எவ்வளவு உண்மை!

பிழையான பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்துவிட எண்ணினோம். "அடித்துவிடுங்கள், கிழிக்காதீர்கள்" என்றார்கள் சிஸ்டர். மாவட்டப் போட்டியில் நடுவர் ஒருவர் அந்தப் பக்கத்தைத்தான் கேட்டார். கூச்சத்தோடு தொடங்கி, நடந்ததை அப்படியே சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

மாநிலப் போட்டிக்கு நாங்கள் தேர்வு பெறவில்லை. பேருந்தில் திரும்பும்போது அழுகை வந்தது உண்மைதான். ஆனால் மறுவாரமே ஏழு குழாய்களுக்கும் புது வாஷர் போடப்பட்டது. ஆறு குழாய்கள் நின்றுவிட்டன. ஏழாவது இன்னும் சொட்டுகிறது. அதற்குக் காரணம் வாஷர் அன்று, வேறு ஏதோ ஒன்று.

தங்கைகளே, அந்தக் கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கிறது. அளவு ஜாடியுடன் வருவீர்களா?

— பத்தாம் வகுப்பு மாணவி