ஏலப்பூவும் தேனீயும்



கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம் ஜமாஅத்தில் பலர். உங்களுக்குத் தெரியும், ஏலப்பூ விடியும்போதே விரிகிறது. ஒரே நாளில் வாடிவிடுகிறது. மகரந்தம் அதே பூவில்தான் இருக்கிறது. ஆனால் சூல்முடி அதற்கு மேலே நிற்பதால் தானாக ஒட்டுவதில்லை. தேனீ வந்தால்தான் காய். போடியில் ஏலத்துக்கு வரும் காய்கள் அப்படிப் பிடித்தவைதான்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 68, 69-ஆம் வசனங்களில் தேனீக்கு அல்லாஹ் இடும் கட்டளைகள் அரபியில் பெண்பாலில் வருகின்றன. மத்ரஸாவில் இதை இலக்கணப் பாடமாகக் கடந்துவிடுவோம். கூடு கட்டுவதும் மது சேகரிப்பதும் பெண் தேனீக்களே. ஆண் தேனீ ஒரு சொட்டும் கொண்டுவருவதில்லை!

தேனீயையும் எறும்பையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கையால் அடிப்பதை மட்டும் நினைத்துக்கொண்டு அதைப் படிக்கிறோம். காலையில் மருந்தடித்த பூவில் வந்து உட்கார்ந்து சாகும் தேனீக்கு யார் பொறுப்பு?

தண்டுதுளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் மருந்தில்லாமல் முடியாது என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் நேரம் நம் கையில் இருக்கிறது. தேனீ அதிகம் வருவது முற்பகலில். அதுவரை ஸ்பிரேயர் தோளில் ஏறவேண்டாம். தோட்டக்காரர் தானே முடிவு செய்யலாம். கூலிக்குப் போகிறவர், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். காய் குறைந்தால் நஷ்டம் அவருக்கும்தானே.