ஓட்டு வீட்டில் மின்விசிறி

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியிக்காவிளைக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்த போதிலும், இருபுறத்துப் பழைய வீடுகளும் ஒரே தச்சு முறையைச் சார்ந்தவை: சுவர்மேல் உத்தரம், அதன்மேல் கைமரம், ரீப்பர், ஓடு. அவற்றைக் கட்டிய தச்சர்கள் மின்விசிறியை எண்ணிக் கட்டவில்லை.

1200 மில்லிமீட்டர் விசிறியின் எடை ஏறத்தாழ 4 முதல் 6 கிலோகிராம். ஒரு குடம் தண்ணீரைவிடக் குறைவு. ஆகவே உத்தரத்தில் உள்ள பழைய தொட்டில் வளையமே இதற்குப் போதும் என்று வீட்டார் கருதுவதில் வியப்பில்லை. ஆனால் விசிறியின் பளு வெறும் எடை மட்டுமன்று. முழு வேகத்தில் அது நிமிடத்திற்குச் சுமார் 350 முறை சுழல்கிறது. எட்டு மணி நேர இரவில் 1,68,000 சுற்றுகள். ஓர் இறக்கை சிறிது வளைந்திருப்பினும் ஒவ்வொரு சுற்றிலும் வளையம் ஒருமுறை அசைக்கப்படும். நூலில் கட்டிய கல்லைச் சுழற்றினால் கை உணரும் இழுப்பைக் கொண்டு ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு விளக்கலாம். மரத்துள் திருகி ஏற்றிய வளையம் இவ்வசைவால் நாளடைவில் தளரும். பூவார், பொழியூர் போன்ற கடலோர ஊர்களில் துருவும் உடன் சேரும். கீழே குழந்தை உறங்கும்.

எனவே கைமரமும் ரீப்பரும் விலக்கத்தக்கவை. கறையான் தின்னாத உத்தரத்தைத் தட்டிப் பார்த்துத் தெரிந்து, அதன் ஊடே துளையிட்டு, கொக்கியின் தண்டை மேற்புறத்தில் அகன்ற வாசரும் நட்டும் இட்டு முடுக்குவதே தக்க முறை. விசிறித் தண்டைக் கொக்கியில் பிணைக்கும் போல்ட்டின் நட்டு அதிர்வினால் கழன்று விடாதபடி காப்பது, அதன் முனைத் துளையில் செருகும் ஸ்பிளிட் பின் ஆகும். அதன் இரு கால்களையும் எதிரெதிராக வளைத்துவிட வேண்டும். எண்ணெயிட இறக்கும்போது இதனை எறிந்துவிட்டுக் கம்பித்துண்டைச் செருகும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

இறக்கைகள் தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். தாழ்ந்த கூரையில் இது இயலாதெனில் சுவர் விசிறியே ஏற்றது.

மின்கம்பிகளை இணைக்குமுன் விசிறியின் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது; மெயின் சுவிட்சையே நிறுத்த வேண்டும். காரணம் எளிது. சுவிட்சு பேஸ் கம்பியில் அன்றித் தவறாக நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருந்தால், அணைத்த பின்னரும் விசிறிவரை 230 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். டெஸ்டரால் சோதித்த பின்னரே கம்பியைத் தொடலாம். விசிறியின் உலோக உடலுக்கு எர்த் இணைப்பு இன்றியமையாதது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் வீட்டில் இருத்தல் நலம். புதிய வயரிங் வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படைக்க வேண்டும்.

இடவப்பாதி மழையில் உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் நீர், உத்தரத்தை ஒட்டி வந்து இணைப்பு மூடிக்குள் சேர்வதுண்டு. உத்தரத்தில் ஈரக்கறை தென்பட்டால் மெயினை அணைத்து, ஓட்டை மாற்றி, மூடிக்குள் முற்றிலும் உலர்ந்த பின்னரே விசிறியை ஓட்ட வேண்டும்.